நாத்தனாருக்கு ஒரு பெட்டி

சாக்லேட் செய்வதைப் போல லேசான வேலை உலகத்தில் கிடையாது என்று அந்த மெழுகுவர்த்திப் பட்டறையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அடித்துச் சொல்வாள். அதில் பொய்யும் இல்லை. பாகு பதம் பார்க்க வேண்டாம். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று முகம் வேக வேண்டாம். கடையில் கட்டியாக விற்கிற சாக்லேட்டை வாங்கிக் கத்தியால் சீவ வேண்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து, சீவியதை அதில் போட்டு உருக்கி அச்சில் ஊற்றினால் முடிந்தது கதை. வருஷமெல்லாம் மெழுகை உருக்கி ஊற்றுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? இரண்டுக்கும் ஒரே குணம். அவசரப்பட்டால் வெளுத்துப்போகும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் திரிந்துபோகும், ஊற்றிய பிறகு தட்டை மேஜையில் நாலு தட்டு தட்டாவிட்டால் உள்ளே காற்று நின்று ஓட்டை விழும்.

அதனால்தான் வருஷக் கடைசி விடுமுறை வந்தால் அந்தப் பெண்கள் யாரும் கடையில் போய்ப் பரிசு வாங்குவதில்லை. முதலாளியம்மா புதிதாக வாங்குகிற ரப்பர் அச்சுகளில் மெழுகு படுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். வறுத்த முந்திரி, உலர்ந்த திராட்சை என்று கையில் இருப்பதைப் போட்டுச் சாக்லேட் ஊற்றி, ஜிகினாத் தாளில் சுற்றி, அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுப்பார்கள். அச்சைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அதில் மெழுகு விழும். பட்டறை தொடங்கின நாளிலிருந்து இப்படித்தான். யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

இந்த வருஷம் வந்தது. வந்தது ஒரு பெண்ணுக்கு. அவளைத் தெருவில் மெழுகுக்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், மாடிப்படிக்கு அடியில், ஒரு அறையும் ஒட்டினாற்போல ஒரு சமையலறையுமாக அவர்கள் குடித்தனம். ஏழு வயதில் ஒரு மகள். ஆள் நடமாடினால் பாத்திரம் நகர வேண்டும், பாத்திரம் இருந்தால் ஆள் ஒதுங்க வேண்டும். அவ்வளவு விசாலம்.

மெழுகுக்காரிக்கு மூக்கு கிடையாது. அதாவது மூக்கு இருக்கிறது, மூக்குத்தியும் இருக்கிறது, வாசனைதான் தெரியாது. மல்லிகை மெழுகு, எலுமிச்சை மெழுகு, சந்தன மெழுகு என்று நாள் முழுக்க ஆவி பிடித்துப் பிடித்து எப்போதோ மரத்துப்போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் சொல்ல வேண்டும். பட்டறையில் பாதிப் பேர் கதை இதுதான். இனிப்பைக் கண்டாலே குமட்டும் என்பது இன்னொரு சீக்கு. சாக்லேட்டை உருக்கி ஊற்றி ஊருக்கெல்லாம் கொடுப்பாளே தவிர, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்க்க மாட்டாள்.

இது போதாதென்று இந்த வருஷம் பட்டறைக்குப் புதிதாக ஒரு சரக்கு வந்தது. சாக்லேட் மெழுகு. திரி இருக்காது. சாக்லேட் துண்டு போலவே பழுப்பாக, சாக்லேட் அச்சிலேயே வார்த்து, ஜிகினாத் தாள் சுற்றிப் பெட்டியில் அடுக்கி விற்பார்கள். வாங்குகிறவர்கள் ஒரு துண்டைப் பிரித்துச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, அடியில் ஒரு விளக்கு ஏற்றினால் அது உருகி வீடெல்லாம் சாக்லேட் வாசம் வீசும். பணம் இருக்கிறவர்களுக்கு எதெல்லாம் தோன்றுகிறது பாருங்கள். விடுமுறைக்கு முன்னால் அதற்கு அப்படி ஒரு கிராக்கி. பட்டறையில் உட்கார்ந்து சுற்றி மாளாமல், வார்த்த துண்டுகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். 'இது தின்பண்டம் அல்ல' என்கிற சீட்டை முதலாளியம்மா கடைசியில் தானே ஒட்டுவார். அந்த ஒரு வேலையை மட்டும் யாரையும் நம்பி விடமாட்டார்.

ஆக, அந்த வாரம் மெழுகுக்காரியின் ஒற்றை அறையில் ஒரு பக்கம் மெழுகுத் துண்டு, மறு பக்கம் சாக்லேட் துண்டு. அச்சும் ஒன்று, நிறமும் ஒன்று, சுற்றுகிற தாளும் ஒன்று. கூடப் பிறந்தவர்களாக இருந்தால்கூட ஒரு மச்சமாவது வித்தியாசம் இருக்கும். அவளும் கவனமாகத்தான் இருந்தாள். மாடி வீட்டுக்கு, மகளின் டீச்சருக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று எல்லாப் பெட்டியையும் பட்டறைச் சரக்கு வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே கட்டிக் கொடுத்துவிட்டாள். பாக்கி நின்றது ஒரே ஒரு பெட்டி. அதற்குச் சாக்லேட் வார்க்கவே அவளுக்குக் கடைசி நாள் வரை தைரியம் வரவில்லை.

அது நாத்தனாருக்கு. டிரைவரின் அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். ஏழு வருஷமாக அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

அனுப்பலாம் என்று முதலில் சொன்னது மெழுகுக்காரிதான். அதைக் கேட்டு டிரைவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாங்கமாட்டாள், மூஞ்சியில் வீசி எறிவாள் என்றான். எறியட்டுமே, எறிந்தால் பொறுக்கிக்கொண்டு வாருங்கள் என்று அவள் சொன்னாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறடி ஆள், அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்புகிறவன், அக்கா என்றால் மட்டும் இப்படித்தான்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவனே உதவிக்கு உட்கார்ந்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே கால் நீட்ட ஒரு முழம் இடம் இருந்தது, அவன் அங்கே உட்கார்ந்தான். நடுவில் இரண்டு தட்டு. பட்டறைச் சரக்கில் கடைசியாக மிஞ்சிய மெழுகு ஒரு தட்டில், நாத்தனாருக்கென்று வார்த்த சாக்லேட் ஒரு தட்டில். வலது பக்கத் தட்டில் இருப்பது அக்காவுக்கு, சுற்றிப் பெட்டியில் அடுக்குங்கள், இடது பக்கத்தது பட்டறையின் கடைசி அட்டைப்பெட்டிக்கு என்று அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உலை பொங்கியது, எழுந்து போய்விட்டாள். சோறு வடித்து, ரசம் தாளித்து, மகளுக்குத் தலை பின்னிவிட்டுத் திரும்பி வந்தால் இரண்டு தட்டும் காலி. அவன் எல்லாவற்றையும் சுற்றி முடித்துவிட்டு, இதுவரை அவள் கேட்டேயிராத ஒரு பழைய சங்கதியைச் சொல்லத் தொடங்கினான். சின்ன வயதில் அக்காவுக்கு யாரோ ஒரு சாக்லேட் கொடுத்தார்களாம். அதை அவள் தின்னாமல் பாவாடை முடிச்சில் கட்டி எடுத்துவந்தாளாம். வீடு வந்து அவிழ்த்தால் முடிச்செல்லாம் உருகி ஒட்டிக்கிடந்ததாம். அதை அவன் துணியோடு நக்கித் தின்றானாம்.

மெழுகுக்காரி சிரித்துக்கொண்டே நாத்தனார் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். தாளுக்கு மேலாகவே மூலைகள் கூர்மையாகத் தெரிந்தன. ஒன்றுகூட மழுங்கவில்லை. நம் கை ராசியே ராசி என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, மூடி போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினாள்.

மறுநாள் காலையில் அவள் பட்டறைக்குப் போகிற வழியிலேயே அவனிடமிருந்து போன் வந்துவிட்டது. டிப்போவுக்குப் போவதற்கு முன்னால் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் கை நீட்டினாள்.

"வாங்கிக்கிட்டா" என்றான் டிரைவர். "ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. பாப்பா அவ கால்கிட்ட நின்னு எட்டி எட்டிப் பாத்துது. என் ஜாடை இருக்குடி அதுக்கு."

வேறு ஒன்றும் பேச அவனுக்கு வரவில்லை. வண்டி எடுக்க நேரமாகிறது என்று வைத்துவிட்டான். மெழுகுக்காரி நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனாரின் அந்தக் குழந்தைக்கு மூன்று வயது. பிறந்ததையே அவர்கள் பஸ்ஸில் ஏறிய ஒரு பயணி சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். இன்றைக்கு அவள் செய்த சாக்லேட்டை அது தின்னப்போகிறது. கால் தரையில் பாவாமல்தான் அன்று பட்டறைக்குள் நுழைந்தாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து சுற்றிவருகிற ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் கைக்கு வந்த ஒரு துண்டை எடுத்து, கிண்ணத்தில் வைத்து, விளக்கேற்றிப் பார்ப்பார்கள். மெழுகு என்றால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடிபோல இளகி, எண்ணெய் மாதிரி நிற்கும். மூக்கு உள்ள ஒருத்தி வந்து வாசனை சரியா என்று சொல்வாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மெழுகுக்காரியின் பெட்டி முறை வந்தது. முதலாளியம்மா ஒரு துண்டைப் பிரித்துக் கிண்ணத்தில் வைத்தார்.

அது இளகவில்லை. சேறு மாதிரி குழைந்து அப்படியே உட்கார்ந்தது. பிறகு அடியில் கருகிப் புகை கிளம்பியது. முதலாளியம்மா முகத்தைச் சுளித்து, யார் வார்த்த சரக்கு இது, என்னத்தைக் கலந்தீர்கள் என்று சத்தம் போட்டார். எல்லோரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அங்கே வாயாடி என்று ஒருத்தி உண்டு, பெயருக்கு ஏற்ற பிறவி. அவள் அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துப் பிரித்து, முனையில் லேசாகக் கடித்தாள். கடித்தவள் மென்றாள். மென்றவள் இன்னொரு கடி கடித்தாள்.

"முந்திரியெல்லாம் போட்டிருக்காம்மா" என்றாள். "இது சாக்லேட்டு."

பட்டறையே சிரித்தது. முதலாளியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கடைக்கு அனுப்பியிருந்தால் வாங்குகிறவன் வீட்டில் எறும்பு மொய்த்திருக்கும் என்று சொல்லி, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். மெழுகுக்காரியும் முதலில் அவர்களோடு சேர்ந்து சிரிக்கத்தான் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. சாக்லேட் இங்கே இருக்கிறது என்றால், மெழுகு எங்கே போயிற்று?

 பட்டறை மேஜையில் எல்லோரும் ஒரே பக்கமாக வரிசையாக உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். எதிரும் புதிருமாக யாரையும் உட்கார விடமாட்டார்கள். நீ இடது என்று சொல்வது எதிரே இருக்கிறவளுக்கு வலது, சரக்கு மாறிப்போகும் என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது அதைச் சொல்லிக் கொடுப்பதே மெழுகுக்காரிதான். அப்படிப்பட்டவள் வீட்டில் புருஷனை எதிரே உட்கார வைத்து, வலது பக்கத் தட்டு என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். அவன் அவனுடைய வலது பக்கத்தை எடுத்துச் சுற்றியிருக்கிறான். மூலை மழுங்கவில்லை என்று மெச்சிக்கொண்டாளே, சாக்லேட்டுக்கு ஏது அவ்வளவு கூர்மை? மூடி போடும்போது பெட்டி லேசாக இருந்ததுகூட இப்போது நினைவுக்கு வந்தது. பாவி, அப்போது எங்கே போயிருந்தது புத்தி?

"அது குழந்தை உள்ள வீடு" என்றாள். பக்கத்தில் நின்ற வாயாடிக்கு மட்டும்தான் கேட்டது.

வாயாடிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு நின்றது. முதலாளியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு துண்டில் எவ்வளவு சாயம், எவ்வளவு வாசனைத் தைலம் என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மூன்று வயதுக் குழந்தை அதைக் கடித்து விழுங்கினால் தொண்டையில் நின்றுவிடாதா? போன் பண்ணு, உடனே பண்ணு என்று ஆளாளுக்குப் பதறினார்கள். எந்த எண்ணுக்குப் பண்ணுவது? நாத்தனார் எண்ணை மாற்றி வருஷக்கணக்காகிறது. டிரைவருக்குப் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓடும்போது அவன் எடுக்கமாட்டான், ஆயிரம் தடவை போட்டாலும் எடுக்கமாட்டான். இத்தனை நாளும் அவனுடைய அந்த ஒழுங்கில் அவளுக்குப் பெருமை. இன்றைக்கு அந்த ஒழுங்கைச் சபித்துக்கொண்டே, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ரோட்டுக்கு ஓடினாள்.

கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஏறிய பிறகுதான் அது ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற வண்டி என்று தெரிந்தது. விடுமுறைக் கூட்டம், கடைத்தெரு நெரிசல், சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. ஜன்னல் பக்கம் ஒரு தாய் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு பிஸ்கட்டை அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தது. மெழுகுக்காரியால் அதைப் பார்க்க முடியவில்லை.  எந்தச் சாமியை வேண்டுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் வேண்டினாள். அந்தக் குழந்தை தின்றிருக்கக் கூடாது. அந்தப் பெட்டியை யாருமே திறந்திருக்கக் கூடாது. காலையில் வாங்கிக்கொண்டாள் என்று கேட்டு அழுத அதே கண், இப்போது வாங்காமலிருந்திருக்கக் கூடாதா என்று அழுதது.

எப்படி உண்டான பகை அது? சொன்னால் சிரிப்பீர்கள். மகள் பிறந்து சில மாதம் ஆன சமயம் நாத்தனார் பார்க்க வந்திருந்தாள். அவளுக்கு அப்போது குழந்தை இல்லை. வயிற்றில் வந்ததெல்லாம் தங்காமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. முழங்கை வரைக்கும் கை கழுவிக்கொண்டு வந்து, துடைக்கக்கூடப் பொறுமையில்லாமல் குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். கை சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்து அண்ணி, கீழே போட்டுவிடப் போகிறீர்கள் என்று மெழுகுக்காரி சொன்னாள். அவ்வளவுதான் சொன்னது. நாத்தனார் நீட்டிய கையைச் சுருக்கிக்கொண்டாள். அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். தம்பி எத்தனையோ தடவை போய்க் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. அவள் காதில் அந்த வார்த்தை எப்படி விழுந்தது என்று மெழுகுக்காரிக்குப் புரிந்ததே பத்து நாள் கழித்துத்தான். புரிந்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குக் குழந்தை என்று ஒன்று வந்து, அதற்கு மெழுகைக் கொடுத்துவிட்டோமே. குழந்தைக்கு ஏதாவது ஒன்று ஆகியிருந்தால், தெரியாமல் மாறிப்போயிற்று என்று சொன்னால் யார் நம்புவார்கள்? புருஷன் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் பஸ் படிக்கட்டில் வந்து நின்றுகொண்டாள். கண்டக்டர் திட்டியது காதில் ஏறவில்லை.

நாத்தனார் வீடு ஒரு நீளமான வரிசைக் கட்டடத்தின் கடைசிப் போர்ஷன். இரும்புக் கேட், அதை ஒட்டிக் குப்பைத் தொட்டி, இரண்டு படி, பிறகு கதவு. மெழுகுக்காரி கதவை இரண்டு கையாலும் தட்டினாள். உள்ளே சத்தமே இல்லை. அந்த நிசப்தத்தில் அவளுக்கு உயிர் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்களோ என்று நினைத்த நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது.

நாத்தனார் நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறவளிடம் சொல்வதற்கு மெழுகுக்காரி எத்தனையோ முறை என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். 

"பாப்பா எங்க அண்ணி?"

 அவள் பின்னால் கூடத்தில் குழந்தை ஒரு டப்பா மூடியை மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. டிரைவர் சொன்னது சரிதான், அதே நெற்றி, அதே தூக்கிய புருவம்.

"அந்தப் பெட்டியிலேர்ந்து பாப்பா ஏதாச்சும் தின்னாளா? சொல்லுங்க அண்ணி."

"ஏன், தின்னிருக்கணுமா?" என்றாள் நாத்தனார். அந்தக் குரலில் ஈரமே இல்லை. "குப்பையில கெடக்கு. பாத்துட்டுப் போ."

 மெழுகுக்காரி அப்படியே படியில் உட்கார்ந்தாள். உயிர் போய் உயிர் வந்தது என்று சும்மா சொல்கிறோம், அன்றைக்கு அவளுக்கு அது நிஜமாகவே நடந்தது. தின்னவில்லை. குழந்தை தின்னவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், நல்லவேளை தூக்கிப் போட்டீங்க அண்ணி, நீங்க நல்லாயிருக்கணும், உங்க கோபம் நல்லாயிருக்கணும் என்று என்னவெல்லாமோ உளறினாள். நாத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குத்திக்காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்திருப்பாள், முகம் இன்னும் இறுகியது.

அழுது முடித்ததும்தான் மெழுகுக்காரிக்கு அடுத்த வலி வந்தது. குழந்தை தப்பித்தது சரி. ஆனால் பெட்டி குப்பைக்குப் போயிருக்கிறதே. இரண்டு கையால் வாங்கினாள் என்று அந்த மனுஷன் போனில் திக்கித் திணறினானே, அவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அவன் தலை மறைகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. அப்படி என்ன தீராத பகை?

எழுந்து போய்த் தொட்டியைத் திறந்தாள். இந்த விஷத்தை இங்கேயும் விட்டுவைக்கக் கூடாது, தெருப் பிள்ளைகள் யாராவது கிளறினால் இன்னொரு வினை. காய்கறித் தோலுக்கும் டீத்தூளுக்கும் நடுவில் பெட்டி கிடந்தது. ரிப்பனைப் பிய்த்து எறியவில்லை. முடிச்சைப் பதமாக அவிழ்த்து, மடித்து, பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள். துண்டுகள் எல்லாம் வைத்தது வைத்தபடி ஜிகினாத் தாளோடு இருந்தன. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று மட்டும் பிரிந்து கிடந்தது. மெழுகுக்காரி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மெழுகு பொய் சொல்லாது, தொட்டதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். நடுவில் அழுத்தமாகப் பல் பதிந்திருந்தது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. பால் பல் இல்லை, பெரியவர்கள் பல். முன்பல் ஒன்று லேசாகக் கோணியிருந்தது. அந்தக் கோணல் பல்லை அவளுக்குத் தெரியும். அதே கோணல்தான் அவள் புருஷனுக்கும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் படியிறங்கி வந்து அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி தெருமுனை திரும்பறதுக்குள்ள பிரிச்சுட்டேன்" என்றாள் நாத்தனார். குரலை ஒரே சீராக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டாள். "பாப்பா கேட்டு அழுதா. இரு, அம்மாவுக்கு முதல் துண்டுன்னு சொன்னேன். பெத்த பொண்ணுக்குக்கூடக் குடுக்காம என் வாயில வெச்சுக்கிட்டேன். தம்பி வீட்டுலேர்ந்து வந்தது இல்ல? கண்ணை மூடிக்கிட்டுக் கடிச்சேன்."

மெழுகுக்காரி கையிலிருந்த துண்டைப் பார்த்தாள்.

"வாயெல்லாம் மெழுகு. துப்பினேன், துப்பிக்கிட்டே இருந்தேன். மெழுகுக்காரி மெழுகத்தானே அனுப்புவான்னு தோணுச்சு. இத்தனை வருசம் பேசாம இருந்துட்டு, இப்படி ஒரு கேலி பண்ணத்தான் காத்துக்கிட்டிருந்தாளா, அதுக்கு என் தம்பியும் கூட்டான்னு நெனச்சேன். காலையிலேர்ந்து எனக்குப் பச்சத் தண்ணி எறங்கல."

வெறுத்து எறிந்தாள் என்று நினைத்த பெட்டி அது. ஆசைப்பட்டுக் கடித்து, அவமானப்பட்டு எறிந்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது எத்தனையோ பயங்கரத்தை நினைத்துப் பார்த்த மெழுகுக்காரிக்கு இப்படி ஒன்று தோன்றவே இல்லை. குப்பைத்தொட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். இரண்டு தட்டையும், உலை பொங்கியதையும், எதிரே உட்கார்ந்ததையும், மரத்துப்போன மூக்கையும், பட்டறைக் கிண்ணத்தில் கருகியதையும் சொன்னாள். தன் மேலங்கியில் தெறித்து உலர்ந்திருந்த மெழுகையே காட்டினாள். சொல்லும்போதே தனக்கே இது கட்டுக்கதை மாதிரி கேட்கிறதே என்று பயமாக இருந்தது.

 எல்லாம் முடிந்த பிறகு நாத்தனார், "அப்ப எனக்குன்னு பண்ணது எங்க?" என்று கேட்டாள்.

"பட்டறையில இருக்கு." மெழுகுக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இருக்காது அண்ணி. இந்நேரம் தின்னிருப்பாங்க."

நாத்தனாரின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்பா அழுகையா என்று மெழுகுக்காரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாத்தனாருக்கும் தெரிந்திருக்காது. உள்ளேயிருந்து குழந்தை ஓடிவந்து தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு, இது யாரு என்று கேட்டது. அத்தை என்று நாத்தனார் சொன்னாள். சாதாரணமாக, தினமும் சொல்கிற வார்த்தை மாதிரி சொன்னாள்.

அதைக் கேட்ட பிறகுதான் மெழுகுக்காரிக்குத் தைரியம் வந்தது. "அன்னைக்கு உங்க கை ஈரமா இருந்துச்சு அண்ணி" என்றாள். "அதுக்குத்தான் பாத்துன்னு சொன்னேன். வேற ஒண்ணும் மனசுல இல்ல."

"தெரியும்" என்றாள் நாத்தனார்.

மெழுகுக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"பஸ்ஸுல உக்காந்து முந்தானையில கையைத் தொடச்சப்பவே தெரியும். ஆனா கோவிச்சுக்கிட்டு வந்தாச்சு. அவளா வரட்டும்னு கொஞ்ச நாள் இருந்தேன். அப்புறம் எப்படிப் போறதுன்னு தெரியல. தம்பி வந்து கதவத் தட்டினப்பல்லாம் உள்ளதான் நின்னேன்."

ஏழு வருஷம். இருந்த இடத்தில் இருந்தபடியே இரண்டு பேரும் தின்று தீர்த்த ஏழு வருஷம். இதற்குக் கோபப்படுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று மெழுகுக்காரிக்குத் தெரியவில்லை. பல் பதிந்த துண்டு அவள் கைச்சூட்டில் குழைந்துகொண்டிருந்தது.

நாத்தனார் தன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீயே கொண்டு வா. தம்பிகிட்ட குடுத்து அனுப்பாத. உன் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா" என்றாள். பிறகு சட்டென்று நினைவு வந்ததுபோல, "அவள இனி தூக்க முடியாது இல்ல?" என்று கேட்டாள்.

மெழுகுக்காரி தலையை ஆட்டினாள். 

நாத்தனார் குழந்தை இல்லாத கையை நீட்டி, தன் தொடைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, "இவ்வளவு இருப்பாளா?" என்றாள்.

மெழுகுக்காரி அந்தக் கையைப் பிடித்து, இடுப்புக்கு மேலே தூக்கி வைத்தாள்.